காலித் தட்டின் எடை

பச்சைக் குழந்தைகளை எடை பார்க்கும் மெஷின் ஒன்று மைசூர் கம்பெனிக்கே திரும்பி வந்தது. 'இளைத்தது தெரியாமல் குழந்தை இறந்துவிட்டது. அன்றிலிருந்து காலித் தட்டும் எடை காட்டுகிறது' என்றது ஆஸ்பத்திரிச் சீட்டு.

மெஷினைத் திறந்த பங்கஜவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடையை எண்ணாக்க அவள் தேர்ந்தெடுத்தது பன்னிரண்டு பிட் சிப். உள்ளே இருந்தது எட்டு பிட்.

"எல்லாம் ஒண்ணுதானே மேடம், யாக்கே கோபம்?" என்றார் மலிவு சிப்பை வாங்கிப் போட்ட பர்ச்சேஸ் மஞ்சுநாத்.

"ஒண்ணா? இது இருபது இருபது கிராமாத்தான் தாவும். நீங்க நிறுக்கறது வெங்காயமா சார்?"

பிளக்கைச் சொருகினாள். காலித் தட்டு 1,743 கிராம் காட்டியது. பிறகு, ஒரே ஒரு கிராம் குறைந்து, 1,742.

சிப்பைப் பிடுங்கினாள். 1,741.

பிளக்கையும் பிடுங்கினாள். 1,740.

மஞ்சுநாத் எழுந்தார். அவள் கதவை மறித்து நின்றாள்.

"உக்காந்து பாருங்க. அன்னிக்கு யாரும் பாக்கலை."