பால்கனி வேண்டாம்

"உள்ளேயிருந்து ஒருத்தர் கத்தினா வெளிய கேக்குமாம்மா?"

மனைவி இப்படிக் கேட்டதும், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புரையேறியது. பயண ஏஜென்சிப் பெண் மட்டும் சிரித்த முகம் மாறாமல், "கேக்கவே கேக்காது மேடம். ரூம் அவ்வளவு அமைதியா இருக்கும்" என்றாள்.

மனைவி "ம்" என்றாள். அந்த 'ம்' அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மேசைமேல் கப்பலின் படம் விரிந்து கிடந்தது. இருபது வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் வேலை பார்த்ததற்காகக் கம்பெனி கொடுத்த பரிசு இந்தப் பயணம். எந்த அறையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் கம்பெனி கணக்கு. காலமெல்லாம் ஜன்னல் இல்லாத பெட்டியோடு மல்லுக்கட்டிய மனிதர், பால்கனியில் கால் நீட்டி உட்கார்ந்து கடல் பார்க்கப்போவதாகத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்திருந்தார்.

"இதோ, ஒன்பதாவது தளம். பால்கனியோட" என்று படத்தில் விரலை வைத்தார்.

மனைவி அந்த விரலைப் பிடித்து நகர்த்தினாள். "பால்கனி வேண்டாம். கீழ் தளத்துல, நடுவுல, ஜன்னலே இல்லாத ரூம் இருக்கே, அது போதும்."

"ஓசியில கிடைக்கிற பால்கனியை யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா?"

"நான் சொல்றேன்."

ஒரு மாதமாகவே வீட்டில் எதுவும் சரியாக இல்லை. அவருடைய உள்ளங்கால்கள் காலையில் எழும்போதே கறுத்துக் கிடந்தன, "தரையைக் கூட்டுறதே இல்லையா?" என்று அவர் எகிறினால், அவள் ஈரத்துணியைக் கொண்டுவந்து நீட்டினாள். அப்புறம் ஒருநாள் வாசல் கதவுக்குப் பெரிதாக ஒரு பூட்டு வாங்கி வந்தாள். கேட்டால் திருட்டுப் பயமாம். அந்த வீட்டில் திருட என்ன இருக்கிறது, ஸ்பேனரா? சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

அதோடு போயிற்றா? நடுராத்திரியில் அவருக்கு விழிப்பு வந்தபோதெல்லாம், அவள் தூங்காமல் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவள் தன் அண்ணனிடம் போனில் கிசுகிசுத்ததும் இவர் காதில் விழுந்து தொலைத்தது. "அவருக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. தெரியவும் வேண்டாம். கப்பல்ல நான் பார்த்துக்கறேன்."

மச்சானுக்கும் இவருக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம்.

மனைவி மறுபடி ஆரம்பித்தாள். "ஏம்மா, ரூமை உள்பக்கமா பூட்டிட்டு சாவியை நான் மட்டும் வச்சுக்க முடியுமா?"

"அப்படிப் பூட்ட முடியாது மேடம். உள்ள இருக்கறவங்க எப்ப வேணும்னாலும் கதவைத் திறந்துட்டு வெளிய வரலாம். எல்லாம் பாதுகாப்புக்காகத்தான்."

"அப்பாடா!" என்று அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். மனைவியின் முகம் தொங்கிப்போனது.

"அப்ப என் கட்டிலைக் கதவை அடைச்சாப்பல போட்டுக் குடுப்பாங்களா? என்னைத் தாண்டாம யாரும் வெளிய போகக் கூடாது."

ஏஜென்சிப் பெண்ணின் சிரிப்பு முதல்முறையாகக் கொஞ்சம் சுருங்கியது. "கேட்டுட்டு வரேன் மேடம்" என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே நழுவினாள்.

இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர் மட்டும். பத்து மாடி உயரத்தில், லிஃப்ட் கூரைமேல் நின்று வேலை பார்க்கும்போதும் பயப்படாத மனிதர், நாற்காலியை அவளிடமிருந்து ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டார். இத்தனை வருடம் கூடவே இருந்தவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கவேண்டி வந்ததே என்று துக்கமாகவும் இருந்தது.

"உண்மையைச் சொல்லிடு. ஜன்னல் கூடாது, கத்தினா கேக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. என்னை அங்க வச்சுத் தீர்த்துக்கட்டப் போறீங்களா, நீயும் உங்கண்ணனும்?"

அவள் திரும்பினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. தூக்கம் கெட்டுச் சிவந்திருந்த கண்களில் மளமளவென்று நீர் கோத்தது.

"கேக்கக் கூடாதுன்னு எப்பங்க சொன்னேன்? நான் கத்தினா நாலு பேர் ஓடி வருவாங்களான்னுதானே கேட்டேன்."

"நீ எதுக்குக் கத்தணும்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். உயரத்துல நின்னு பாக்கிற வேலை. தெரிஞ்சா அப்புறம் கை நடுங்கும், மனசு பதறும். டாக்டர்கிட்ட எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு அண்ணனும் நானும் மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கோம். அதுக்குள்ள இந்தக் கப்பல் வந்து நிக்குது."

"என்ன தெரிஞ்சா? சுத்தி வளைக்காதே."

"நான் பூட்டு வாங்கிட்டு வந்தேனே, அதுக்கு முந்தின ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க?"

"எங்க இருப்பேன்? தூங்கிட்டிருந்தேன்."

"ஆமாங்க. தூங்கிக்கிட்டேதான் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் மேல நடந்துக்கிட்டிருந்தீங்க."