ஓடும் முன் ஒரு வாழைப்பழம்

"என்னங்க, வாழைப்பழம் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆச்சு, ஆச்சு" என்றார் கணவர், ஷூவை மாட்டிக்கொண்டே.

"பொய் சொல்லாதீங்க. பழ வாசனையே வரலையே!"

"விடிஞ்சும் விடியாததுமா யாருக்குத் தொண்டையில இறங்கும்?"

"ராத்திரி நேரங்கெட்ட நேரத்துல வயிறு முட்டச் சாப்பிட்டா எப்படி இறங்கும்? போன வாரம் பாதி ஓட்டத்துல தலை சுத்துதுன்னு உக்காந்தீங்களே, மறந்துபோச்சா?"

"அது வெயில்."

"சூரியனே வரல, அதுக்குள்ள வெயிலா?"

"இப்பச் சாப்பிட்டா ஓடும்போது வயித்தப் பிடிக்கும்."

"அதுக்குத்தானே சீக்கிரமே எழுப்பிவிட்டேன்! போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டது யாரு? நாளைக்குப் போட்டி. ஒரு வருஷ உழைப்பு உங்க வயித்தால வீணாப் போகணுமா?"

அவர் பழத்தை உரித்து, மருந்து விழுங்குவதுபோல் விழுங்கினார்.

"போதுமா, தாயே?"

மைதானத்தில் பயிற்சியாளர் காத்திருந்தார். ஒரு சின்னக் கயிற்றின் ஒரு முனையைக் கணவரின் கையில் கட்டினார். மறுமுனையை, பிறவியிலேயே பார்வையில்லாத மனைவியின் கையில் கட்டினார். வழிகாட்டியாகக் கூடவே ஓடுபவர் நின்றுவிட்டால் வீராங்கனையும் நிற்க வேண்டியதுதான்.

"என்னம்மா, நாளைக்கு ஜெயிச்சிடலாமா?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

அவள் சலித்துக்கொண்டாள்.

"காலு ரெண்டும் எப்பவோ தயார் சார். இந்தக் கண்ணுதான் சாப்பிடமாட்டேன்னு அடம்பிடிக்குது!"