உள்ளே இருக்கும் கிளாம்ப்

கை செய்து முடித்த வேலையை மனசு மறந்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பிரித்துக் கோத்த எஞ்சின் படகுக்குள் இறங்கிவிட்டது. பின்புறம், புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவும் மாட்டியாகிவிட்டது. தகரக் கூரையின் ஓட்டை வழியே சாயங்கால வெயில் புரொப்பெல்லர்மீது விழுகிறது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைத் துடைக்கிறான், வைக்கிறான், மறுபடி எடுத்துத் துடைக்கிறான். டிரைவுக்குப் பின்னால், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ரப்பர் உறையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை முறுக்கினோமா, விட்டுவிட்டோமா? டிரைவைக் கழற்றாமல் பார்க்க முடியாது. "பூட்டைப் பூட்டிட்டு பத்து தடவை இழுத்துப் பாக்குற உங்கப்பா புத்தி அப்படியே வந்திருக்கு மச்சான்," என்று சிரிக்கிறான் படகுக்காரன், தங்கையின் புருஷன். "காலையில படகை இறக்கணும், ஞாபகம் இருக்கட்டும்." "ஏறப்போறது என் தங்கச்சியும் பிள்ளைங்களும்டா," என்கிறான் மெக்கானிக். ஸ்க்ரூடிரைவரை மறுபடி துடைக்கிறான். மறுநாள் காலை, மெக்கானிக் இரவோடு இரவாகக் கழற்றிய டிரைவ் தரையில் கிடந்தது. கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது.