ஜின்னிங் மிஷின்

முப்பது வருஷம் பூட்டிக் கிடந்த ஜின்னிங் பேக்டரியை ஓட்டலாக்கியவர்கள், கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் பழைய மிஷின் ஒன்றை மட்டும் மெருகேற்றிச் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். இனிப்புத் தட்டுகளை அதன் மேல்தான் வைப்பார்கள். மேஜை துடைக்கும் வெயிலாட்சி ஒரு காலத்தில் அதே மிஷினில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் மானேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மதியம் சாப்பிட வந்திருந்த கூட்டத்தின் முன் அவளை நிறுத்தினார்.

“கூச்சப்படாதீங்கம்மா. மிஷினப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்க.”

“எந் தங்கச்சி முடி இதுலதான் மாட்டுச்சு” என்றாள் வெயிலாட்சி. “தோலோட உரிச்சிட்டுப் போயிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே செத்துட்டா. பதினேழு வயசு.”

கூட்டத்திலிருந்து ஒருவர் பீட்ரூட் அல்வாக் கிண்ணத்தோடு எழுந்து வந்து, செல்போன் வெளிச்சத்தை உருளைகளுக்குள் அடித்துப் பார்த்தார். “முடி எதுவும் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்குமா?” என்றார், மென்றுகொண்டே. அவர் மனைவி தன் பின்னலை உருளைமேல் போட்டு, நாக்கைத் துருத்திப் படம் எடுத்துக்கொண்டாள்.

மானேஜர் அவளை ஓரமாக அழைத்தார். “அருமையாச் சொன்னீங்க. தினமும் சொல்லுங்க. தோலுன்னு மட்டும் வேண்டாம், சாப்பிடுற நேரம் பாருங்க.”

அவள் மிஷினிடம் திரும்பிப் போனாள். வாயில் ஊறிய எச்சிலையெல்லாம் திரட்டி, அல்வாத் தட்டின் நடுவில் துப்பினாள்.

“ஐயோ, தொடைங்கம்மா! சீக்கிரம் தொடைங்க!”

கையிலிருந்த துணியைச் சுருட்டிப் பிடித்தபடி, வெயிலாட்சி அங்கேயே நின்றாள்.