பராமரிப்பவர் யார்?

"அக்கா, அந்த ஆளு இன்னும் புதர்கிட்டயேதான் நிக்கிறான்!" ரேணுகா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

மரக்காணத்து உப்பளத்தில் கண்ணுக்கெட்டின மட்டும் வெட்டவெளி. வேலை பார்க்கும் இருபத்திரண்டு பொம்பளைகளுக்கும் ஒதுங்க இருப்பதே அந்த ஒரு நுணாப் புதர்தான். அங்கே போய் ஓர் ஆம்பளை, காலையிலிருந்து!

உப்பு வாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு அமராவதி நேரே அவனிடம் போனாள்.

"ஏம்பா, உனக்கெல்லாம் அக்கா தங்கச்சி இல்ல?"

அவன் பதறிப்போனான். கழுத்தில் சிலுவை, கூடவே ஒரு அடையாள அட்டை. பெயர் ஜெனிஷ். சர்வே எடுக்க வந்திருக்கிறானாம்.

"இங்க இருக்குற பச்சையெல்லாம் யாரு பராமரிக்கிறாங்கன்னு வகை பிரிக்கிறோம்மா. கவர்மெண்ட் பராமரிச்சா ஒண்ணு, ஊர் பராமரிச்சா ரெண்டு, யாருமே இல்லன்னா மூணு. இதை யாரு பார்த்துக்கிறாங்க?"

"மூணு போட்டா என்ன ஆகும்?"

"தரிசுன்னு சொல்லி ஜேசிபி விட்டு வழிச்சிடுவாங்க. நாளைக்குக் காலையில பெரிய ஆபீசர் பார்க்க வர்றாரு."

அடி ஆத்தாடி! பக்கத்து உப்பளத்தில் இப்படித்தான் புதரை வழித்தார்கள். ஒதுங்க இடமில்லாமல், சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை பார்த்து, ரெண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

"இந்தப் புதர் உங்களுக்கு எதுக்கு ஆகுதுன்னு சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்."

வயசுப் பையனிடம் எதைச் சொல்ல? தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் புதரைப் பார்த்தான். பாத்தி வரப்பில் தவிப்போடு காத்து நின்ற பெண்களைப் பார்த்தான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"போச்சு! மூணுதான் போட்டிருப்பான் பாவி. அவன் கை விளங்காமப் போக!" ரேணுகா மண்ணை வாரித் தூற்றினாள்.

அன்றைக்கு ஒருத்திக்கும் கஞ்சி இறங்கவில்லை.

மறுநாள் காலை ஜீப் வந்து நின்றது. பெரிய ஆபீசர் இறங்கினார். பின்னாலேயே ஜெனிஷ். இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் ஜேசிபி!

விறுவிறுவென்று புதரை நெருங்கிய ஆபீசர், சட்டென்று நின்று செருப்பைக் கழற்றினார்.

அங்கே ஒரு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகி, புதருக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. நேற்று வரைக்கும் அங்கே கல்லும் கிடையாது, சாமியும் கிடையாது!

"கோயில் காடா? அப்போ ஊர்ப் பராமரிப்பு. ரெண்டு போடுப்பா" என்றவர், புதருக்குள் எட்டிப் பார்க்கப் போனார்.

"சார், சார்! பின்னாடி பொம்பளைங்க மட்டும்தான் போகணுமாம். ஐதீகம்" என்று ஜெனிஷ் குறுக்கே வந்தான்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பினார் ஆபீசர்.

அமராவதிக்குப் போன உயிர் வந்தது. "யாருடி வெச்சது?" என்று ரேணுகாவின் காதைக் கடித்தாள்.

"எங்கம்மா சத்தியமா நாங்க இல்லக்கா!"

"ஊர் சார்பா ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று ஜெனிஷ் பேனாவை நீட்டினான்.

வாங்கப் போன அமராவதி அப்படியே நின்றுவிட்டாள்.

பேனா பிடித்த அவன் விரல்களில், நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.