கடைசி நரம்பு

"இப்ப?" என்று கேட்டு, ஏழுமலையின் வலது முழங்காலில் ஊசியால் குத்தினேன்.

"குத்துதுங்க டொக்டரம்மா."

கண்களை இறுக மூடியிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் அவருடைய மனைவி விஜயகலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு "குத்துதுங்க"வுக்கும் அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்துகொண்டிருந்தது.

நேற்றுத் தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கு மிளகு பறிக்கப் போயிருக்கிறார். ஏணி வழுக்கி, கருங்கல்லின் மேல் முதுகு அடிபட விழுந்தார். றக்வானையிலிருந்து இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்ததிலிருந்து இரண்டு கால்களும் அசையவில்லை.

ஆனால் தொடையில் குத்துகிறதாம். முழங்காலில் குத்துகிறதாம். பாதத்திலும் குத்துகிறதாம்.

எனக்கும் சந்தோஷம்தான். என்ன செய்வது, நான் படித்த படிப்பு லேசில் சந்தோஷப்பட விடாத படிப்பு.

ஊசியை எங்கும் படாமல் காற்றில் பிடித்துக்கொண்டு, "இப்ப?" என்றேன்.

"குத்துதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல். பெல்மதுளையில் என் வாப்பா கடை வைத்திருக்கிறார். தோட்டத்து ஆட்கள் துரைக்கும் கங்காணிக்கும் கடையில் வாப்பாவுக்கும் ஒரே பதிலாக "ஆமாங்க" சொல்வதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நான். "இல்லை" என்று சொல்ல அவர்களை யாரும் விட்டதில்லை. அது தெரிந்தும் இவ்வளவு நேரம் ஏமாந்திருக்கிறேன்.

விஜயகலாவைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னேன்.

"விஜயகலா அக்கா இங்க இல்ல. தெரியாட்டி இல்லைன்னு சொல்லுங்க. உங்கள யாரும் ஏச மாட்டாங்க."

குரலை இறக்கிக் கேட்டார்.

"இல்லைன்னு சொன்னா அவகிட்ட சொல்லிருவீங்களா?"

மறுபடி நெஞ்சிலிருந்து தொடங்கினேன்.

முள்ளந்தண்டுக்குள்ளே முண்ணாண் என்ற நரம்புக் கயிறு ஓடுகிறது. அதிலிருந்து நரம்புகள் சோடி சோடியாகக் கிளம்புகின்றன. கொழுந்தெடுக்க ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பதுபோல், ஒவ்வொரு சோடிக்கும் தோலில் ஒரு பட்டை இருக்கிறது. எந்தப் பட்டையோடு உணர்வு நின்றுபோகிறதோ, அந்த மட்டத்தில் முண்ணாணில் அடி.

தொப்புள் வரை குத்தியது. அதற்குக் கீழே, "இப்ப?" என்று நான் கேட்கக் கேட்க, "இல்லீங்க" என்றார். தொடையில் இல்லீங்க. முழங்காலில் இல்லீங்க. பெருவிரலில் இல்லீங்க. உண்மையைச் சொல்லத் தொடங்கியதும் மூடியிருந்த கண்களிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் வடிந்தது. தொப்புளில் பேனையால் கோடு போட்டேன்.

ஒரே ஓர் இடம் மிச்சம். முண்ணாணின் கடைசி நரம்புகள் வந்து முடிகிற இடம், மலவாயைச் சுற்றியுள்ள தோல். காலெல்லாம் மரத்துக் கிடந்தாலும் அங்கே மட்டும் உணர்வு இருந்தால், முண்ணாண் முழுதாக அறுபடவில்லை என்று அர்த்தம்.

பெரிய டொக்டர் இரண்டு மணிக்கு வருவார். முதலில் அதைத்தான் கேட்பார். அங்கே உணர்வு இருந்தால் ஏழுமலையை இன்றைக்கே அறுவைக்குக் கொழும்புக்கு அனுப்புவார். இல்லாவிட்டால் அவசரம் இல்லை என்பார். அவசரம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று விஜயகலாவிடம் சொல்கிற வேலை என்னுடையது.

தாதியும் இரண்டு சிற்றூழியர்களும் முதுகு திருகாமல் அவரைச் சுவர்ப்பக்கமாகப் புரட்டிப் பிடித்தார்கள். கடைசியாகப் பின்னால் ஓர் இடம் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "ம்" என்றார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். எனக்கு இருபத்தேழு. அவருடைய காது மடல் சிவந்துபோனது. என் முகமும் முக்காட்டுக்குள் சுட்டது.

இந்த இடத்தைப் பார்க்காமலே எழுதிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

குத்தினேன்.

"இல்லீங்க" என்றார் சட்டென்று.

அவ்வளவுதான். ஊசியை வைத்துவிட்டு, அவருடைய நோய்விவரம் எழுதும் டிக்கட்டில் "உணர்வு இல்லை" என்று எழுதக் குனிந்தேன். "உணர்வு" என்ற சொல்லோடு பேனை நின்றது.

நான் "இப்ப?" என்று கேட்கவில்லை. கூச்சத்தில் எனக்கு வாயே வரவில்லை. அப்படியானால் நான் குத்தியது அவருக்கு எப்படித் தெரிந்தது?

திரும்பி வந்தேன். ஊசியை எடுத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவரும் சும்மா கிடந்தார். தாதி என்னைப் பார்த்தாள். நான் விரலை உதட்டில் வைத்தேன். சிற்றூழியர்கள் மூச்சுக்கூட விடவில்லை.

மறுபக்கத்தில் குத்தினேன்.

"இல்லீங்க டொக்டரம்மா."

மறுபடி காத்திருந்தேன். இந்தமுறை இன்னும் அதிக நேரம். ஒரு சத்தமும் இல்லை. ஒரு பெண்ணிடம், அதுவும் மகள் வயதுப் பெண்ணிடம், அங்கே தெரிகிறது என்று அந்த மனிதர் எப்படிச் சொல்வார்?

மூன்றாவது தடவை, கொஞ்சம் அழுத்தியே குத்தினேன்.

"அதான் இல்லைன்னு சொல்றேனேங்க" என்றார், சுவரைப் பார்த்தபடி, முதல் தடவையாக என்மேல் கோபத்தோடு.