நெற்றிக் காயம்

"தலையைத் தூக்காதேடா, ரத்தம் நிக்க மாட்டேங்குது!"

சின்னவனின் நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டே அவசரப் பிரிவுக்குள் ஓடினாள் அம்மா. ஐந்து வயதுப் பிள்ளை. அவன் போட்ட கூச்சலில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சுவரைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தாள் பத்து வயது அக்கா. தம்பியை ஏற்றிக்கொண்டு சரிவில் சைக்கிளை விட்டவள் அவள்தான். கைப்பிடியின் மேலேயே கவிழ்ந்து விழுந்தும் ஒரு கீறல்கூட இல்லை.

"அம்மா, இடது தோள் வலிக்குது. படுத்துக்கட்டுமா?"

"தம்பி மண்டையை உடைச்சுட்டு உனக்குப் படுக்கை கேக்குதா? அவனை ஏத்தாதே, ஏத்தாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

பெரியவள் அங்கிருந்த பெஞ்சில் சாய்ந்து, "தண்ணியாவது..." என்றாள்.

"வந்து தரேன். இந்த பெஞ்சை விட்டு அசையக் கூடாது!"

காத்திருந்து தையல் போட்டு முடிக்க ஒன்றரை மணி நேரமானது. ஊசி இறங்கும்போதெல்லாம் சின்னவன் அலற, அம்மா அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளே ஏதாவது அடிபட்டிருக்குமா சார்?"

"பெரிய டாக்டர் வந்து சொல்லுவாங்க" என்று மட்டும் சொன்னார் தையல் போட்டவர்.

வெளியே வந்தால் பெஞ்ச் காலி. 'சொன்ன இடத்துல இருக்காளா பாரு! வேடிக்கை பார்க்கப் போயிருப்பா' என்று பல்லைக் கடித்தாள்.

எதிரே ஒரு பெண் டாக்டர் வேகமாக வந்தார்.

"சைக்கிள்ல இருந்து விழுந்த குழந்தையோட அம்மா யாரு?"

"நான்தான் டாக்டர்!"

"வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. ஸ்கேன்ல பார்த்தோம், மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. ரத்தம் ஏத்த ஆரம்பிச்சதும் நாடி கொஞ்சம் தேறியிருக்கு. இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம். அசையாம படுக்க வெச்சு, மணிக்கொரு தரம் பார்த்துக்கிட்டே இருப்போம். இந்த வயசுல பெரும்பாலும் தானாவே ஆறிடும்."

தோளில் விசும்பிக்கொண்டிருந்த சின்னவனை இறுக அணைத்துக்கொண்டாள் அம்மா.

"இவனுக்கு ஸ்கேனே எடுக்கலையே டாக்டர்?"

டாக்டர் காலி பெஞ்சைக் கை காட்டினார்.

"பெஞ்சுல மயங்கிக் கிடந்த பொண்ணு உங்க பொண்ணு இல்லையா?"